ஏழு நோட்டிலும் ஒரே தப்பு

பம்புக்கு ஷாஃப்ட் கடையும் அந்தத் தொழிற்சாலையில், அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லார் வாயிலும் அவர் மைக்ரான். முகத்துக்கு நேரே மைக்ரான் சார். முதுகுக்குப் பின்னால் வெறும் மைக்ரான். லேத் வரிசைப் பக்கம் போனால் அந்தப் பெயருக்கு முன்னால் ஒரு கெட்ட வார்த்தையும் ஒட்டிக்கொள்ளும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கண்ணுக்கே தெரியாத அந்த மைக்ரான் கனத்துக்காக முழு ஷாஃப்ட்டைத் திருப்பி அனுப்புகிற ஆளை வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்?

அவர் உட்கார்ந்திருந்த தரப் பரிசோதனை அறை ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஏசி, வெளியே எண்ணெய்ப் புகை. அவர் மேஜையில் பச்சைத் துணி, அதன்மேல் விட்டம் அளக்கும் மைக்ரோமீட்டர் பெட்டி, பக்கத்தில் கம்பி கோத்த சிவப்பு அட்டைக் கட்டு. சிவப்பு அட்டை கட்டப்பட்ட சாமான் மறுபடி லேத்துக்குப் போகும், இல்லாவிட்டால் உருக்கப் போகும். அந்தக் கட்டு குறையக் குறைய அவரோடு டீ குடிக்க வருகிறவர்களும் குறைந்தார்கள். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்த வருஷக் கோடையின் தொடக்கத்தில், ஷிஃப்டிலேயே மூத்த ஆபரேட்டர் ஒரு தாளைக் கொண்டுவந்து மேஜையில் வீசினார். பத்து ஷாஃப்ட்டின் விட்டம். பத்துக்கும் எதிரே இருபத்துநாலு புள்ளி ஒன்பது எட்டு என்று ஒரே எண்.

"என்ன அண்ணே இது?"

"ரீடிங்."

"பத்தும் ஒண்ணாவே இருக்கு."

"மிஷின் அப்படி ஓடுது. உனக்கு ஏன் வயிறெரியுது?"

"பத்து சாமானை அளந்தா பத்து விதமா வரணும் அண்ணே. மயிரிழையாவது முன்ன பின்ன ஆடும். ஒரே நம்பர் பத்து தடவை வந்தா நீங்க அளக்கலைன்னு அர்த்தம். உட்கார்ந்து எழுதியிருக்கீங்க."

தாளை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். பத்து ஷாஃப்ட்டுக்கும் சிவப்பு அட்டை. மூத்தவர் கதவருகே போய்த் திரும்பினார். வெளியே நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டார்.

"பெத்த பிள்ளைங்களையும் இப்படித்தான் கேஜ் வெச்சுப் பார்ப்பியாடா?"

வெளியே சிரிப்பு. மைக்ரான் நிமிரவில்லை.

"பார்ப்பேன்" என்றார்.

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. அவருக்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஆறு. பெரியவள் படித்துக்கொண்டிருந்த சின்னப் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு முடிகிறது. ஜூனில் அவளை ஆறாவதில் எங்கே சேர்ப்பது என்பதுதான் மூன்று வருஷமாக அவர் தலைக்குள் ஓடிய ஒரே லேத். பெரியவள் எங்கே போகிறாளோ, சின்னவளும் அங்கேதான். ஆக, ஒரு கையெழுத்து, இரண்டு வாழ்க்கை.

மைக்ரான் அவர் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அப்பா கைநாட்டு, அம்மா கைநாட்டு, அண்ணன் ஏழாவதோடு வயலுக்குள் இறங்கிவிட்டார். இவர் மட்டும் பேருந்து மாறி மாறிப் போய் மெக்கானிக்கலில் பட்டம் வாங்கினார். மார்க்கெல்லாம் கொட்டிக் கிடந்தது. இறுதித் தேர்வில் மைக்ரோமீட்டர் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொன்னபோது பத்துக்குப் பத்து. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அன்றைய ஃபோர்மேன் ஒரு நிஜ மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து, "இந்தத் தண்டை அளந்து சொல்லு" என்றார். அதுவரை அதை அவர் கையால் தொட்டதே இல்லை. தலைகீழாகப் பிடித்தார். திருகுகிற இடத்தைத் தாங்கினார், தாங்குகிற இடத்தைத் திருகினார். மொத்த ஷெட்டும் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தது. "படத்துக்குப் பத்து, சாமானத்துக்குச் சைபர்" என்றார் ஃபோர்மேன். பதினாறு வருஷமாகியும் அந்தச் சிரிப்பு அவர் காதிலிருந்து இறங்கவில்லை. தன் பெண்களைப் பார்த்து எவனும் அப்படிச் சிரிக்கக் கூடாது. அவர் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

அதற்கு அவர் தேர்ந்தெடுத்த பள்ளிக்கூடத்துக்கு ஊரில் நூறு சதவீத ஸ்கூல் என்று பெயர். மெயின் ரோட்டில் விளம்பரப் பலகை, அதில் நூறு என்ற எண் ஆள் உயரத்துக்கு. அங்கே யாரும் ஃபெயில் ஆனதே இல்லை. ஒரே ஒரு சாமான்கூடத் திரும்பி வராத லேத்தைப் பற்றி ஒரு பரிசோதகருக்கு என்ன தோன்ற வேண்டும்? அதைச் சோதிக்க அங்கே ஆளே இல்லை என்றுதானே! தொழிற்சாலையில் அவருக்கு அது தோன்றும். மெயின் ரோட்டில் தோன்றவில்லை. மூன்று வருஷம் அந்தப் பலகையைக் கும்பிடாத குறையாகக் கடந்து போனார். அவர் மனைவியின் அண்ணன் அங்கே பேருந்துகளுக்குப் பொறுப்பாளர். மச்சான் என்றாலே முகம் சுளிக்கிற மைக்ரான், சீட்டுக்காக அவர் வீட்டுக்கு வலியப் போய்க் காபி குடித்துவிட்டு வந்தார்.

எல்லாம் கெட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்.

பழைய செய்தித்தாள்களைப் போட எடைக்கடைக்குப் போனார். பள்ளிகள் மூடும் சமயம். கடை வாசலில் நோட்டுப் புத்தகங்கள் இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தன. அதில் நீல அட்டை போட்ட ஒரு கட்டு, நூறு சதவீத ஸ்கூலின் முத்திரையோடு. மைக்ரானுக்குக் கை சும்மா இருக்குமா? கட்டைப் பிரித்து ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆறாவது வகுப்பு அறிவியல், ஏழு பிள்ளைகளின் ஏழு நோட்டு.

முதல் நோட்டில் முத்து முத்தான கையெழுத்து, பக்கத்துக்குப் பக்கம் சரி என்று சிவப்பு மையில் குறி. அவர் நெஞ்சு நிமிர்ந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் திறந்தவர் முதல் இரண்டையும் மறுபடி கையில் எடுத்தார். மூன்றிலும் அதே வரி, அதே சொல், வரி மடங்குகிற இடம்கூட அதே. ஏழையும் வரிசையாகப் பரப்பி ஒரே பக்கத்தைத் திறந்து வைத்தார். நீர் எப்போது ஆவியாகும் என்பது கேள்வி. 'நீர் நூறு டிகிரி வெப்பத்தில் மட்டுமே ஆவியாகும்' என்று ஏழு நோட்டிலும் பதில். 'மட்டுமே' என்பதன் கீழே ஏழிலும் அடிக்கோடு. பக்கத்தில் ஏழு சரிக் குறி, ஏழு 'மிக நன்று'.

"மட்டுமேவா?" என்று அவர் வாய்விட்டுக் கேட்டார். கடையின் பின்பக்கம் கொடியில் யாருடைய சட்டையோ காய்ந்துகொண்டிருந்தது. நூறு டிகிரி என்றால் அது காய்வதற்குள் கருகியிருக்கும்.

தப்பு அவரைச் சுடவில்லை. தப்பு எங்கும் வரும். ஏழு பிள்ளைகளில் ஒருத்தருக்குக்கூட அந்தத் தப்பு வேறு மாதிரி வரவில்லை என்பதுதான் சுட்டது. இருபத்துநாலு புள்ளி ஒன்பது எட்டு, ஏழு தடவை.

"சாரு படிக்க வந்தீங்களா, எடைக்குப் போட வந்தீங்களா?" என்றார் கடைக்காரர். "படிக்கிறதா இருந்தா ஃபேன் இருக்கிற இடமாப் பார்த்துப் போங்க."

அவருக்குக் காது கேட்கவில்லை. கட்டுக்கு அடியில் அட்டை கிழிந்த நோட்டு ஒன்று கிடந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற பள்ளிக்கூடத்தின் நோட்டு. ஊரில் அதற்கு ஃபெயில் ஸ்கூல் என்று பெயர். வருஷா வருஷம் ஒவ்வொரு வகுப்பிலும் நாலைந்து பேரை நிறுத்தி வைத்துவிடுவார்கள். மதிப்புள்ளவர்கள் யாரும் பிள்ளைகளை அங்கே அனுப்ப மாட்டார்கள். நோட்டைத் திறந்தால் ரத்தக் களறி. 'மத்தியானம் நிழல் ஏன் குட்டையாகிறது?' என்ற கேள்விக்குப் பிள்ளை ஏதோ எழுதியிருக்க, அதன் குறுக்கே சிவப்பில் ஒரு கோடு: 'இது புத்தகம் சொல்வது. நீ என்ன பார்த்தாய்?' அதன் கீழே பென்சிலில், 'மழை பெய்தது, நிழலே இல்லை.' அதன் கீழே சிவப்பில், 'நாளைக்கு மழை பெய்யாது. குச்சி நட்டுப் பார்.' அடுத்த நாள் தேதியில் பென்சிலில் நாலு அளவுகள். ஒன்றுபோல் ஒன்று இல்லை. 'மூன்றாவது அளவு சந்தேகம். மறுபடி' என்று சிவப்பு. அப்படியே ஒன்றரைப் பக்கத்துக்குச் சண்டை.

எட்டு நோட்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துப் பழகியவளுக்கு, கணவன் முகத்தைப் படிக்க ஒரு நொடி போதும்.

"என்ன, யாருக்குச் சிவப்பு அட்டை கட்டிட்டு வர்றீங்க?"

"நூறு சதவீதத்துக்கு."

சொன்னார். ஏழு நோட்டையும் விரித்துக் காட்டினார். அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"மூணு வருஷமா அந்த ஸ்கூல் அந்த ஸ்கூல்னு குதிச்சது யாரு? நானா? பக்கத்துல இருக்கிற ஸ்கூல்லயே போடலாம்னு நான் சொன்னப்ப, 'உனக்கென்ன தெரியும்'னு கேட்டது யாரு? எங்க அண்ணன் கால்ல விழாத குறையாப் போய் நின்னு சீட்டுக்குப் பேசி வெச்சாச்சு. வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. இப்ப வந்து எடைக்கடைக் குப்பையைக் காட்டறீங்க!"

"குப்பை இல்ல. ஆதாரம்."

"ஏழும் ஒரே கட்டுல இருந்ததுதானே?"

அவருக்குச் சுருக்கென்றது.

"ஒரே பெட்டியிலேர்ந்து ஏழு எடுத்தா அது சாம்பிளே இல்லைன்னு பதினோரு வருஷமா என் காதுல ஓதினது நீங்கதானே? ஒரே வகுப்பு, ஒரே டீச்சர். அந்த டீச்சர் ஒருத்தி சரியில்லைன்னா மொத்த ஸ்கூலும் மோசமா? அதோட, அந்த ஃபெயில் ஸ்கூல் நோட்டு எத்தனை? ஒண்ணே ஒண்ணு! இந்த லட்சணத்துல நீங்க இன்ஸ்பெக்டர்!"

அவருக்கு மனைவியிடம் தோற்பது புதிதில்லை. ஆனால் தன் அளவுகோலாலேயே அடி வாங்குவது புதிது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

"சரி. வெள்ளிக்கிழமை வர்றேன். அங்க வேற நோட்டெல்லாம் காட்டச் சொல்றேன். நல்லா இருந்தா அங்கேயே கையெழுத்து போடறேன். இல்லேன்னா போட மாட்டேன்."

"வந்து வாயை மூடிக்கிட்டு உட்காருங்க, அது போதும்."

அவள் அவரிடம் ஒன்றைச் சொல்லவில்லை. அண்ணன் கொடுத்துவிட்ட கேள்விப் பட்டியலைப் பெரியவள் ஆறு வாரமாகக் குளியலறையில் நின்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. முதல்வர் அறையில் கோப்பைகள் சுவரை மறைத்து நின்றன. வாசலில் மச்சான், சட்டைப் பையில் பேருந்துச் சாவிக் கொத்து, முகத்தில் கல்யாண வீட்டுச் சிரிப்பு. "மாப்ள, தயவு செஞ்சு இன்னைக்கு ஒரு நாள் மனுஷனா இருங்க" என்று காதோடு சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார்.

முதல்வர் படிவத்தைப் பார்த்தார். "அப்பா இன்ஜினியர். தாத்தா தொழில்ங்கிற இடத்துல ஒண்ணும் எழுதலையே?"

"நிலத்துல வேலை."

"ஓ, ஃபர்ஸ்ட் ஜெனரேஷனா!" முதல்வர் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் புன்னகைத்தார். "அதான் உங்க முகத்துல இவ்வளவு டென்ஷன். கவலையை விடுங்க. இங்க வந்துட்டா நாங்க பார்த்துக்குவோம்."

அந்த 'அதான்' மைக்ரானின் உச்சந்தலையில் ஏறி உட்கார்ந்தது. மனைவி மேஜைக்கு அடியில் அவர் முழங்காலைக் கிள்ளினாள்.

"சார், பிள்ளைங்க நோட்டு கொஞ்சம் பார்க்கணும். வேற வேற வகுப்புல, நானே எடுத்துப் பார்க்கிறேன்" என்றார்.

"மன்னிக்கணும். இங்க நாங்கதான் பிள்ளைங்களைச் சோதிப்போம். பெத்தவங்க எங்களைச் சோதிக்கிற வழக்கம் இல்ல." புன்னகை அப்படியே இருந்தது, பற்கள் மட்டும் கூடுதலாகத் தெரிந்தன. "பாப்பாகிட்ட கேட்போமா?"

கேட்டார். பெரியவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பதில் சொன்னாள். ஒவ்வொன்றும் தட்டினால் விழுகிற மாதிரி. இலை ஏன் பச்சை, இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, எல்லாவற்றுக்கும் மூச்சு விடாமல். மைக்ரான் மகளை ஆச்சரியமாகப் பார்த்தார். வீட்டில் இவள் இப்படிப் பேசுவதில்லையே, இழுத்து இழுத்து, நடுவில் நாலு கேள்வி கேட்டல்லவா பேசுவாள்?

"நீர் எப்போ ஆவியாகும்?"

"நீர் நூறு டிகிரி வெப்பத்தில் மட்டுமே ஆவியாகும்."

'மட்டுமே' என்கிற இடத்தில் குரலை அழுத்தினாள். அடிக்கோடு காதில் கேட்டது.

மைக்ரான் மனைவியைப் பார்த்தார். அவள் கோப்பைகளைப் பார்த்தாள். அந்த ஏழோடு சேர அதே தப்போடு எட்டாவது நோட்டு தன் வீட்டிலேயே எழுதப்பட்டுவிட்டது என்று அவருக்குப் புரிந்தது.

"பாப்பா" என்றார். "நம்ம வீட்டுல கொடியில துணி எப்படிக் காயுது?"

"சார், அது பாடத்திட்டத்துல இல்ல" என்றார் முதல்வர்.

"நான் உங்களைக் கேட்கலை. நீ சொல்லும்மா. அங்க நூறு டிகிரி இருக்கா?"

பெரியவள் அம்மாவைப் பார்த்தாள், வாசலில் நின்ற மாமாவைப் பார்த்தாள், கடைசியில் அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. வெறுப்பு இருந்தது.

"அது லிஸ்ட்ல இல்லப்பா" என்றாள்.

மச்சான் இருமினார். முதல்வர் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு நொடிதான். பிறகு அவரே சிரித்து, படிவத்தைத் திருப்பி மைக்ரான் முன்னால் தள்ளினார்.

"புத்திசாலிப் பொண்ணு. எதுக்குப் பதில் சொல்லணும், எதுக்குச் சொல்ல வேண்டாம்னு தெரிஞ்சிருக்கு. சீட் கொடுத்தாச்சு. இங்க கையெழுத்து போடுங்க. அஞ்சு மணிக்கு லிஸ்ட் மூடிடுவோம்."

பேனாவும் படிவமும் கைக்கெட்டுகிற தூரத்தில். மூன்று வருஷக் கனவு. மைக்ரான் பேனா மூடியைக்கூடத் திறக்காமல் எழுந்தார்.

"அளக்காமலே பாஸ் போடறீங்க சார். உங்க ஸ்கூல்ல என் பொண்ணு படிக்க மாட்டா."

"உங்களை மாதிரி ஆளுங்களுக்கு நல்லது செய்ய வந்தா இதான்" என்றார் முதல்வர், முதன்முறையாகச் சிரிக்காமல். "மேலே ஏத்திவிட்டா, ஏணியைத் தட்டி விடறீங்க."

"ஏணி இல்ல சார் அது. ஏணி படம்."

வாசலில் மச்சான் வழி மறித்தார். சாவிக் கொத்து குலுங்கியது. "நான் யார்கிட்ட எல்லாம் பல்லைக் காட்டி வாங்கின சீட்டு தெரியுமா இது? என் தங்கச்சியைக் கட்டினதுலேர்ந்து உங்களால எனக்கு ஒரு நாள் மரியாதை இருந்திருக்கா? இனிமே என் வீட்டு வாசப்படி மிதிச்சிடாதீங்க!"

"காபி நல்லாவும் இல்ல" என்றார் மைக்ரான்.

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மனைவி அதைத்தான் சொன்னாள். அழவில்லை. ஒவ்வொரு வார்த்தையையும் மருந்துச் சீட்டு ஒப்பிக்கிற குரலில் சொன்னாள். ஐந்து மணி அடித்தபோது அதையும் நிறுத்திவிட்டாள். பெரியவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆறு வாரம் குளியலறையில் நின்ற கால்கள் அல்லவா?

திங்கட்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, பெரியவளைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அழைத்துப் போனார். சுண்ணாம்பு உதிர்ந்த இரண்டு மாடி. தலைமை ஆசிரியை நாற்பது வயதுக்குள் இருப்பார், கையெல்லாம் சாக்பீஸ் தூள். உட்காரச் சொல்லவில்லை.

"இந்த ஸ்கூல் பத்தி யார் சொன்னாங்க?"

"எடைக்கடையில ஒரு நோட்டு பார்த்தேன்."

"எடைக்கடையிலயா? ஞாயித்துக்கிழமையில செய்யறதுக்கு உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பெரியவளிடம் ஒரு கேள்வித்தாளை நீட்டினார். "அந்த மூலை பெஞ்ச். ரெண்டு மணி நேரம். அப்பா வெளியே நிற்கட்டும்."

வெளியே நின்றார். வராந்தாவில் ஒரு வகுப்பறைக்குள்ளிருந்து, "ஏன்? ஏன்னு சொல்லு! உன் பக்கத்துல இருக்கிறவன் சொல்றதுக்காக நீ தலையாட்டாதே!" என்று ஓர் ஆண் குரல் கத்திக்கொண்டே இருந்தது. மைக்ரானுக்கு அந்தக் கத்தல் தேனாக இருந்தது.

அந்தத் தேன் இரண்டு மணி நேரம்தான். தலைமை ஆசிரியை தாளைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். நூற்றுக்கு முப்பத்தொன்று.

"ஆறாவது முடியாது. மறுபடி அஞ்சாவதுல உட்காரட்டும். இஷ்டம் இருந்தா ரெண்டு பேர் கையெழுத்தோட வாங்க. அம்மாவும் வரணும்."

மைக்ரான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பத்தொன்று! அவர் பெண்ணுக்கு!

"மேடம், ஒரு தடவை மறுபடி பார்க்கக் கூடாதா? இந்தக் கேள்வியில கிட்டத்தட்ட வந்திருக்காளே... ஒரு நாலு மார்க் முன்ன பின்ன..."

சொல்லும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. தினமும் கண்ணாடிக் கூண்டுக்குள் வந்து நிற்கிற ஆபரேட்டர்களின் குரல்தான் தன் வாயிலிருந்து வருகிறது. ஒரு தடவை மறுபடி பாருங்க சார், கிட்டத்தட்ட வந்திருக்கே சார்.

"கிட்டத்தட்டன்னு ஒரு மார்க் எங்ககிட்ட இல்ல" என்றார் தலைமை ஆசிரியை. "பிள்ளை முட்டாள் இல்ல. தானா யோசிச்சு எழுதின மூணு பதில் நல்லா இருக்கு. மீதியெல்லாம் யாரோ வாய்க்குள்ள ஊத்தினது. அதை வெளியே எடுக்க ஒரு வருஷம் ஆகும். எடுக்கிறதுக்கு நான் தயார். நீங்க தயாரான்னு வீட்டுல கேட்டுட்டு வாங்க."

வாய்க்குள் ஊற்றியது யார் என்று அவருக்குத் தெரியும். மூன்று வருஷம் அந்தப் பலகையைக் காட்டிக் காட்டி ஊற்ற வைத்தது யார் என்பதும் தெரியும்.

மறுநாள் மனைவி வந்தாள். முப்பத்தொன்று வாங்கிய தாளை நின்றபடியே முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை படித்தாள். தப்பென்று அடிக்கப்பட்ட இடங்களில் எல்லாம் அண்ணன் கொடுத்த பட்டியலின் வரிகள் வரிசையாகக் கிடந்தன.

"உங்களுக்கு இப்ப ஜெயிச்ச மாதிரி இருக்கா?" என்று கேட்டாள். தலைமை ஆசிரியை எதிரிலேயே.

"இல்ல" என்றார்.

"அந்த சீட்டையும் போக்கிட்டீங்க. கூடப் படிச்சதுங்க எல்லாம் ஆறாவது போகும், இது மட்டும் மறுபடி அஞ்சாவது. தெருவுல அத்தனை பேருக்கும் பதில் சொல்லப் போறது நான்." பேனாவை வாங்கினாள். "இந்தக் கையெழுத்து உங்களுக்காக இல்ல. வேற போக்கிடம் இல்லாமப் போடறேன். ஞாபகம் வெச்சுக்கங்க."

தாள் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். அவரும் போட்டார்.

ஜூன் முழுக்க அந்த வீட்டில் தட்டுகள்தான் பேசின. மனைவி அவர் முன்னால் தட்டை வைக்கும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு மருந்துக் கடையில் யார் என்ன கேட்டார்கள் என்று அவர் கணக்குப் போட்டுக்கொள்வார். மச்சான் வீட்டோடு போக்குவரத்து அறுந்தது. தொழிற்சாலையில் மூத்த ஆபரேட்டருக்கு எப்படியோ செய்தி போய்ச் சேர்ந்தது. "என்ன மைக்ரான் சார், பொண்ணுக்கே சிவப்பு அட்டையாமே!" என்று லேத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். பதினாறு வருஷத்துக்கு முந்தைய அதே சிரிப்பு ஷெட்டைச் சுற்றி வந்தது. மைக்ரான் கூண்டுக்குள் போய், அன்று அந்த லேத்திலிருந்து வந்த இருபது ஷாஃப்ட்டையும் ஒவ்வொன்றாக மூன்று தடவை அளந்தார். இருபதும் சரியாக இருந்தன. சரி என்பதற்கான பச்சை அட்டையைக் கட்ட அன்றைக்கு அவருக்குக் கை வரவே இல்லை. ஆனாலும் கட்டினார்.

பெரியவள் அவரோடு பேசுவதில்லை. "அப்பாகிட்ட சொல்லு" என்று தங்கை வழியாகத்தான் செய்தி வரும். "அப்பாகிட்ட சொல்லு, ஷூ பத்தலை." "அப்பாகிட்ட சொல்லு, என் கிளாஸ்ல எல்லாரும் என்னைவிடக் குட்டை."

ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை, சின்னவள் ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அப்பா, அக்கா உங்க பையில இருக்கிற சூடு பார்க்கிற மிஷினைக் கேட்கறா." தொழிற்சாலையிலிருந்து அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்த வெப்பமானி அது. மைக்ரான் நோட்டை வாங்கிப் பார்த்தார். நீர் எப்போது ஆவியாகும் என்ற கேள்விக்குப் பெரியவள் அதே வரியை எழுதியிருந்தாள். 'மட்டுமே' அடிக்கோட்டோடு. அதன் குறுக்கே சிவப்பில், 'உன் வீட்டுக் கொடியில் துணி எப்படிக் காய்கிறது? பார்த்துவிட்டு வந்து என்னோடு சண்டை போடு.'

அதே கேள்வி. அவர் கேட்டபோது கிடைத்த பார்வை அவருக்கு நினைவு வந்தது. வெப்பமானியை எடுத்துக் கொடுத்தார்.

மொட்டை மாடிக் கொடியில் ஈரப் போர்வை. அரை மணிக்கு ஒரு தடவை பெரியவள் அதன் மடிப்புக்குள் வெப்பமானியைச் செருகி எண்ணைப் படித்தாள், சின்னவள் தரையில் உட்கார்ந்து எழுதினாள். மைக்ரான் மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றார். அதற்கு மேலே ஏற அவருக்குத் துணிவு வரவில்லை.

"இருபத்தஞ்சு. எழுதிட்டியா?"

"அக்கா, போன தடவை இருபத்திநாலரைன்னே?"

"அது அப்போ. இது இப்போ."

"அதுக்கு முன்னாடியும் வேற. எல்லாம் வேற வேறயா இருக்கே. அழகா ஒரே நம்பரா எழுதிடட்டுமா?"

"பார்க்காம எழுதினே, அறைஞ்சுடுவேன்."

மைக்ரானின் வாய் தானாகத் திறந்தது. ஏதோ சொல்ல வந்தார். படியில் அவர் கால் உரசிய சத்தம் கேட்டுப் பெரியவள் திரும்பினாள். அவரைப் பார்த்ததும் முகம் கல்லாகியது.

"கீழ போங்கப்பா" என்றாள். இரண்டு மாதத்தில் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

போர்வையைக் கொடியில் இழுத்து நடுவில் மறைத்துவிட்டாள். அதன் கீழே இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும் தெரிந்தன. அவர் படியிறங்கினார். சமையலறையில் தட்டு ஒன்று நங்கென்று வைக்கப்பட்டது. இன்று கொஞ்சம் பலமாகத்தான்.